மெர்கலின் தொகுதி: 267-ம் 15-ம் ஒன்றேதானா?

செவ்வாய்ப்பேட்டை_வாசகன்:

வணக்கங்க. தமிழ் விக்கிப்பீடியாவுக்காக ஒரு ஜெர்மன் நாடாளுமன்றத் தொகுதியின் வரலாற்றைப் பட்டியலாகத் தொகுக்கிறேன். பால்டிக் கடலோரம் இருக்கும் ஷ்ட்ரால்சுண்ட் நகரமும் ரூகன் தீவும் சேர்ந்த தொகுதி. அங்கேலா மெர்கல் 1990 முதல் 2017 வரை வரிசையாக எட்டுத் தேர்தல்களில் ஜெயித்த இடம்.

சிக்கல் என்னவென்றால், 1990, 1994, 1998 தேர்தல்களில் இதன் எண் 267, பெயர் "ஷ்ட்ரால்சுண்ட் – ரூகன் – கிரிம்மென்". 2002-ல் திடீரென்று எண் 15 ஆகிறது, பெயர் "ஷ்ட்ரால்சுண்ட் – நோர்ட்ஃபோர்பொம்மெர்ன் – ரூகன்". 2013-ல் எண் அதே 15, பெயர் மட்டும் "ஃபோர்பொம்மெர்ன்-ரூகன் – ஃபோர்பொம்மெர்ன்-கிரைஃப்ஸ்வால்ட் 1" என்று ஒரு முழம் நீண்டுவிட்டது. நம்ம சேலம் மக்களவைத் தொகுதிக்கும் தமிழ்நாட்டுப் பட்டியலில் எண் 15தான். அதை வைத்து எண் என்றால் நிலையானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கேள்விகள்: இது ஒரே தொகுதியா, மூன்றா? ஒரே கட்டுரையில் எழுதலாமா? 1990-க்கு முன்னால் என்ன போடுவது? 2013-ல் மெர்கல் 56.2 சதவீதம், 2017-ல் 44.0 சதவீதம். இவற்றையும் 2009 முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்றம், இறக்கம் எழுதலாமா?

ஏற்காடு_மேகம்:

முதலில் எண்ணை மறந்துவிடுங்க. அது தொகுதியின் பெயரும் இல்லை, அடையாளமும் இல்லை. நாடு முழுக்க வடக்கிலிருந்து தெற்காக மாநிலம் மாநிலமாக ஓடும் வரிசை எண், அவ்வளவுதான். இப்போது 1-ஆம் எண் டென்மார்க் எல்லையில் இருக்கும் ஃப்ளென்ஸ்புர்க் – ஷ்லெஸ்விக். கடைசி 299, பிரான்ஸ் பக்கம் ஸார்லாந்தில் இருக்கும் ஹோம்புர்க். நடுவில் எங்காவது ஒரு தொகுதி கூடினாலோ குறைந்தாலோ அதற்குப் பின்னால் வருகிறவை எல்லாம் ஒரு படி நகரும்.

267 எப்படி 15 ஆனது என்பதற்கும் காரணம் இதுதான். 1990 டிசம்பர் 2-ல் ஒன்றுபட்ட ஜெர்மனியின் முதல் தேர்தல் நடந்தபோது மேற்கு ஜெர்மனியின் 248 தொகுதிகளைத் தொடவில்லை. அவற்றுக்குப் பின்னால் பெர்லினுக்கும் கிழக்கு மாநிலங்களுக்கும் 80 தொகுதிகளை ஒட்டவைத்தார்கள், மொத்தம் 328. பெர்லின் 249 முதல் 261, மெக்லென்புர்க்-ஃபோர்பொம்மெர்ன் மாநிலம் 262 முதல் 270. அந்த ஒன்பதில் ஒன்றுதான் உங்க 267. 2002-ல் மொத்தத்தை 299 ஆகக் குறைத்தபோது கிழக்கு மேற்கு என்று பார்க்காமல் முழு நாட்டையும் வடக்கிலிருந்து புதிதாக எண்ணினார்கள். மெக்லென்புர்க் மேலே வந்துவிட்டது, 12 முதல் 18. ஆக எண் மாறியதற்கும் ரூகன் தீவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2025-ஐயும் பாருங்க. ஸாக்ஸன்-அன்ஹால்ட் மாநிலத்துக்கு ஒரு தொகுதி குறைந்தது (9 இருந்தது 8), பவேரியாவுக்கு ஒன்று கூடியது (46 இருந்தது 47). அதனால் இரண்டுக்கும் நடுவில் இருந்த அத்தனை தொகுதிக்கும் ஒரு எண் குறைந்தது. பெர்லின்-மிட்டே 75 இருந்தது 74, ஃபிராங்ஃபர்ட் 1-ஆம் தொகுதி 182 இருந்தது 181. பவேரியாவைத் தாண்டியதும் கணக்கு நேராகிவிட்டது, ஷ்டுட்கார்ட் 1 அதே 258. எண்ணை வைத்து 2021-ஐயும் 2025-ஐயும் இணைத்தால் நாட்டின் நடுப்பகுதி முழுக்கப் பக்கத்துத் தொகுதியின் முடிவைத்தான் ஒப்பிடுவீங்க. பட்டியல் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், அதனால் தப்பு கண்ணிலும் படாது.

உங்க 15 ஸாக்ஸன்-அன்ஹால்ட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுவதால் தப்பித்தது. சேலத்தின் 15-ஓடு ஒத்துப்போவது வெறும் தற்செயல்.

அடுத்து பெயர். ஜெர்மனியில் தொகுதியின் பெயர் பெரும்பாலும் அதில் அடங்கிய மாவட்டங்களின் பெயர்கள்தான். மாவட்டங்களை இணைத்தால் தொகுதிக்கும் பெயர் மாறும், ஆனால் கொஞ்சம் தாமதமாக. கிரிம்மென் மாவட்டம் 1994 ஜூன் 12-ல் நடந்த மாவட்டச் சீரமைப்பில் ரிப்னிட்ஸ்-டாம்கார்ட்டென், ஷ்ட்ரால்சுண்ட் ஊரகம் ஆகியவற்றோடு சேர்ந்து நோர்ட்ஃபோர்பொம்மெர்ன் ஆகிவிட்டது. அதற்கப்புறமும் 1994 அக்டோபரிலும் 1998-லும் இல்லாத கிரிம்மென் மாவட்டத்தின் பெயரில்தான் ஓட்டுப் போட்டார்கள். 2011 செப்டம்பர் 4-ல் மறுபடி ஒரு சீரமைப்பு: ஷ்ட்ரால்சுண்ட், ரூகன், நோர்ட்ஃபோர்பொம்மெர்ன் மூன்றும் சேர்ந்து ஃபோர்பொம்மெர்ன்-ரூகன் மாவட்டம். அது 2013 தேர்தலில் தொகுதிப் பெயருக்குள் வந்தது.

ஆகவே ஒரே கட்டுரை போதும். பெயர்கள் மூன்றுக்கும் வழிமாற்று வையுங்க, எந்தப் பெயரில் தேடினாலும் இதே கட்டுரைக்கு வரட்டும்.

மூக்கனேரி_கரை:

எண்ணைப் பற்றி மேகம் சொன்னது எல்லாம் சரி. "ஒரே கட்டுரை போதும்" என்பதை மட்டும் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள மாட்டேன். பெயரும் எண்ணும் மேல்தோல். உள்ளே நிலம் மாறியிருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் வாசகர் ஏமாறுவார்.

மெக்லென்புர்க்-ஃபோர்பொம்மெர்னுக்கு 1990-ல் 9 தொகுதி, 2002-ல் 7, 2013-ல் 6. ஒவ்வொரு முறை குறையும்போதும் மிச்சம் இருப்பவை பரப்பில் பெரிதாகும். 2002-ல் ரிப்னிட்ஸ்-டாம்கார்ட்டென் பக்கம் உள்ளே வந்து நோர்ட்ஃபோர்பொம்மெர்ன் மாவட்டம் முழுசாக அடங்கியது. 2013-ல் கிரைஃப்ஸ்வால்ட் நகரமும் அதைச் சுற்றியுள்ள லாண்ட்ஹாகன் ஊராட்சிக் கூட்டமும் வந்தன. அதுவரை கிரைஃப்ஸ்வால்ட் இருந்தது பக்கத்து 16-ஆம் தொகுதியில். கிரைஃப்ஸ்வால்ட் பழைய பல்கலைக்கழக நகரம், அங்கே ஓட்டு விழும் விதம் ரூகன் தீவின் மீனவ ஊர்களைப் போல இருக்காது. அதனால் 2009 முடிவையும் 2013 முடிவையும் நேராக ஒப்பிட்டு "மெர்கலுக்கு இத்தனை சதவீதம் கூடியது" என்று எழுதக் கூடாது. 2013-க்கும் 2017-க்கும் ஒப்பிடலாம்: 56.2-லிருந்து 44.0, அதாவது 12.2 சதவீதப் புள்ளி இறக்கம். "12.2 சதவீதம் குறைந்தது" என்று எழுதாதீங்க, அது வேறு கணக்கு.

எல்லை ஏன் இப்படி அடிக்கடி நகர்கிறது என்பதையும் கட்டுரையில் ஒரு பத்தி வையுங்க. தொகுதிகளை மாநிலங்களுக்குப் பங்கிடுவதும் எல்லை வரைவதும் ஜெர்மன் குடிமக்கள் எண்ணிக்கையை வைத்து. வெளிநாட்டவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சராசரியிலிருந்து ஒரு தொகுதி 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது பொது விதி. 25 சதவீதத்தைத் தாண்டினால் மாற்றியே ஆக வேண்டும். மாநில எல்லையைத் தொகுதி தாண்டக் கூடாது, நிலம் துண்டு துண்டாக இல்லாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நகராட்சி, மாவட்ட எல்லைகளை முடிந்தவரை மதிக்க வேண்டும். இதைக் கவனிக்க ஏழு பேர் கொண்ட நிலையான ஆணையம் உண்டு: கூட்டாட்சிப் புள்ளியியல் அலுவலகத்தின் தலைவர், கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், மற்ற ஐந்து பேர். ஆணையம் பரிந்துரைக்கும், முடிவெடுப்பது நாடாளுமன்றம். தொகுதிகளின் விவரிப்பு தேர்தல் சட்டத்துக்கே பின்னிணைப்பு என்பதால் எல்லையை மாற்ற ஒவ்வொரு முறையும் சட்டத் திருத்தம் வேண்டும்.

1990-க்குப் பிறகு கிழக்கிலிருந்து மக்கள் மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள். 9, 7, 6 என்று வந்ததற்குப் பெரிய காரணம் அதுதான்.

நம்ம ஊர்க் கதை இதற்கு நேர் எதிர். இங்கே 2008 தொகுதி மறுவரையறை ஆணைக்கு அடிப்படை 2001 மக்கள்தொகைக் கணக்கு, அதற்கப்புறம் அசையவில்லை. அந்த ஒரே முறையில் சேலம்-1, சேலம்-2 போய் மேற்கு, வடக்கு, தெற்கு வந்தன. பனமரத்துப்பட்டி காணாமல் போனது. அதுவரை சேலம் மக்களவைத் தொகுதியில் இருந்த ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குப் போனது. மாவட்டம் சேலம், எம்.பி. கள்ளக்குறிச்சி. மலையில் இருப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை 🙂 ஜெர்மனியில் மாவட்டத்தை மாற்றினால் தொகுதி பின்னாலேயே வரும். இங்கே மாவட்டம் ஒரு பக்கம், தொகுதி ஒரு பக்கம்.

1990-க்கு முன்னால்: ஒன்றும் போடாதீங்க. கிழக்கு ஜெர்மனியின் மக்களவைக்கு 1990 மார்ச் 18-ல் நடந்த தேர்தல் மாவட்டவாரிக் கட்சிப் பட்டியல் முறை, ஷ்ட்ரால்சுண்ட் அப்போது ரோஸ்டாக் பெருமாவட்டத்துக்குள். தனி உறுப்பினர் தொகுதியே கிடையாது. வைமர் குடியரசுக் காலத்தில் (1919–1933) நாடு முழுக்க 35 பெரிய தொகுதிகள், இந்தப் பகுதி பொம்மெர்ன் என்ற 6-ஆம் தொகுதியில். அதுவும் பட்டியல் முறை. அதற்கு முந்தைய பேரரசுக் காலத்தில் 397 தனி உறுப்பினர் தொகுதிகள் இருந்தன, ஷ்ட்ரால்சுண்ட் வட்டாரத்துக்கு இரண்டு. ஆனால் அன்றைக்கு யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் மறுசுற்று உண்டு. அதை இன்றைய தொகுதியின் "முன்னோடி" என்று எழுதினால் வம்சாவளி இல்லாத இடத்தில் வம்சாவளி உண்டாக்கியதாக ஆகிவிடும். 1990-ல் தொகுதி பிறந்தது இரு ஜெர்மனிகளும் 1990 ஆகஸ்ட் 3-ல் கையெழுத்திட்ட தேர்தல் ஒப்பந்தத்தில். கட்டுரையின் முதல் வரி அங்கிருந்து தொடங்கட்டும்.

ஏற்காடு_மேகம்:

கிரைஃப்ஸ்வால்ட் விஷயம் நியாயம். ஒரே கட்டுரை என்பதில் நான் மாறவில்லை, ஆனால் வெற்றியாளர் பட்டியலில் 2002-க்கு மேலும் 2013-க்கு மேலும் தடித்த கோடு போட்டு "எல்லை மாறியது" என்று அந்த இடத்திலேயே எழுதிவிடலாம். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.

லீபஜார்_கணக்கு:

தரவைக் கையாள்கிற பக்கம் யாரும் சொல்லவில்லை, அதனால் நான். தப்பு அதிகம் நடப்பது அங்கேதான்.

கூட்டாட்சித் தேர்தல் அதிகாரியின் தளத்தில் முடிவுகள் சிஎஸ்வி கோப்பாகக் கிடைக்கும். புலங்களைப் பிரிப்பது அரைப்புள்ளி, காற்புள்ளி இல்லை. தசமத்துக்கு அவர்கள் காற்புள்ளி போடுவார்கள், ஆயிரத்துக்குப் புள்ளி. எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் 56,2 என்பது 562 ஆகிவிடலாம், 1.234 என்பது ஒன்றேகால் ஓட்டாகத் தெரியும். தரவு இறக்குமதி வழியாகப் போய், பிரிப்பான் அரைப்புள்ளி, வட்டாரம் ஜெர்மன், எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று மூன்றையும் கையால் தேர்ந்தெடுங்க. குறியாக்கம் தப்பினால் ரூகனின் இரட்டைப் புள்ளி வைத்த எழுத்து சிதைந்து, பெயரை வைத்துத் தேடும்போது சிக்காது. 015 என்று மூன்று இலக்கத்தில் எழுதியிருந்தால் அந்த நெடுவரிசையை எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்க, இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் விழுந்து இரண்டு கோப்புகள் ஒன்றோடு ஒன்று இணையாது.

தொகுதி எண்ணை வைத்தோ பெயரை வைத்தோ இணைக்காதீங்க. உள்ளாட்சிக் குறியீட்டு எண் என்று எட்டு இலக்கம் ஒன்று உண்டு: முதல் இரண்டு மாநிலம், மூன்றாவது மாநிலத்துக்குள் உள்ள நிர்வாக மண்டலம், அடுத்த இரண்டு மாவட்டம், கடைசி மூன்று ஊராட்சி. மெக்லென்புர்க்-ஃபோர்பொம்மெர்ன் 13. 2011-க்கு முன் ஷ்ட்ரால்சுண்ட் 13005, நோர்ட்ஃபோர்பொம்மெர்ன் 13057, ரூகன் 13061. இப்போது மூன்றும் 13073. கிரைஃப்ஸ்வால்ட் நகரம் 13001 இருந்தது 13075-க்குள் போய்விட்டது. இந்த மாற்றத்துக்குத் தனியாக ஒரு சின்ன அட்டவணை செய்துகொண்டு, ஒவ்வொரு தேர்தலுக்கும் எந்த ஊர் எந்தத் தொகுதியில் என்று எழுதி, பிறகுதான் தொகுதி அளவில் கூட்ட வேண்டும்.

எல்லை மாறிய தேர்தலில் முந்தைய முடிவைப் புதிய எல்லைக்கு மாற்றிக் கணக்கிட்ட பட்டியலையும் தேர்தல் அதிகாரி வெளியிடுவார். ஏற்றம், இறக்கம் எழுத வேண்டுமானால் அதை எடுங்க, "புதிய எல்லைக்கு மாற்றியது" என்று குறிப்பிடுங்க. ஆனால் அதுவும் தோராயம்தான்: அஞ்சல் வாக்குகளை ஊர் ஊராக எண்ணுவதில்லை, பல ஊர்களுக்குச் சேர்த்து எண்ணுவார்கள், பிறகு பங்கிட்டுப் போடுவார்கள்.

சதவீதம் சரிபார்க்கும்போது: தகுதியுள்ள வாக்காளர், ஓட்டுப் போட்டவர், செல்லுபடியான ஓட்டு என்று மூன்று எண்கள் வரிசையாக இருக்கும். வேட்பாளர் சதவீதத்துக்குக் கீழே வகுக்க வேண்டியது செல்லுபடியான முதல் வாக்குகள். ஒருவருக்கு இரண்டு வாக்கு என்பதால் செல்லாத ஓட்டும் இரண்டுக்கும் தனித்தனி. முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சிப் பட்டியலுக்கு. நீங்க எடுத்த 56.2 முதல் வாக்கு. கட்சி வாக்கு நெடுவரிசை பக்கத்திலேயே இருக்கும், கை தவறினால் கதை மாறிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை_வாசகன்:

மூன்று பேருக்கும் நன்றிங்க. நான் பெயரை வைத்துத்தான் இணைத்திருந்தேன், 2002-ல் ஏன் தொடர்பு அறுந்தது என்று இப்போது புரிகிறது.

மேலும் இரண்டு சந்தேகம். 2021-ல் சமூக ஜனநாயகக் கட்சியின் அன்னா கஸாவுட்ஸ்கி 24.3 சதவீதத்தில் ஜெயித்ததாக இருக்கிறது. இது பிழை இல்லையே? இன்னொன்று, 2025-ல் தொகுதியில் முதலாவதாக வந்தும் நாடாளுமன்றத்துக்குள் போகாதவர்கள் இருக்கிறார்கள் என்கிறார்கள். அப்படியானால் "உறுப்பினர்" என்ற என் நெடுவரிசைத் தலைப்பே தப்பா?

மூக்கனேரி_கரை:

24.3 பிழை இல்லை. முதல் வாக்கில் யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார், பாதி தாண்ட வேண்டியதில்லை, நம்ம முறையேதான். மெர்கல் நிற்காத முதல் தேர்தல் அது, ஓட்டு நாலாபக்கமும் சிதறியது.

தலைப்பைப் பற்றி நல்ல கேள்வி கேட்டீங்க. 2021 வரை தொகுதியில் முதலாவதாக வந்தால் இடம் உறுதி. கட்சி வாக்குக்குக் கிடைக்க வேண்டியதைவிட ஒரு கட்சி அதிகத் தொகுதிகளை ஜெயித்தால் அவை உபரி இடங்களாக நின்றன, 2013 முதல் மற்ற கட்சிகளுக்கு அதைச் சரிக்கட்ட ஈடும் கொடுத்தார்கள். அதனால்தான் 598 என்று தொடங்க வேண்டிய அவை 2017-ல் 709, 2021-ல் 736 என்று வீங்கியது. 2023 சட்டம் அவையை 630-ல் நிறுத்தியது. தொகுதிகள் அதே 299. இப்போது ஒரு மாநிலத்தில் கட்சி வாக்குப்படி கட்சிக்கு எத்தனை இடமோ அத்தனைதான். ஜெயித்த தொகுதிகள் அதைவிட அதிகம் என்றால் அந்தக் கட்சியின் வெற்றியாளர்களை முதல் வாக்குச் சதவீதப்படி வரிசையாக்கி, அடியில் இருப்பவர்களுக்கு இடம் இல்லை. 2025 பிப்ரவரி 23 தேர்தலில் இப்படி விடுபட்டவர்கள் 23 பேர்: கிறிஸ்தவ ஜனநாயக யூனியன் 15, பவேரியாவில் அதன் சகோதரக் கட்சியான சிஎஸ்யூ 3, ஏஎஃப்டி (ஜெர்மனிக்கான மாற்று என்ற கட்சி) 4, சமூக ஜனநாயகக் கட்சி 1. அரசியல் சாசன நீதிமன்றம் 2024 ஜூலை 30 தீர்ப்பில் இந்த விதியை ஏற்றுக்கொண்டது.

உங்க 15-ல் 2025-ல் முதலாவதாக வந்தது ஏஎஃப்டியின் டாரியோ ஸைஃபெர்ட், அவருக்கு இடமும் கிடைத்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் பிரச்சினை வராது. ஆனாலும் தலைப்பை "தொகுதியில் முதலிடம்" என்று வைத்து, பக்கத்தில் "இடம் பெற்றாரா" என்று ஒரு நெடுவரிசை சேர்த்துவிடுங்க. அடுத்த தொகுதிக்கு இதே அச்சைத்தான் எடுப்பீங்க.

இடைத்தேர்தலுக்கென்று நெடுவரிசை வேண்டாம். உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ ஏற்காட்டில் 2013 டிசம்பரில் நடந்தது மாதிரி அங்கே இடைத்தேர்தல் வராது, கட்சியிலிருந்தே அடுத்தவர் வருவார். ஓட்டுப் பதிவுக்கு முன் வேட்பாளர் இறந்தால் மட்டும் அந்தத் தொகுதிக்குத் தேதி தள்ளிப்போகும்: 2005-ல் நாடே செப்டம்பர் 18-ல் ஓட்டுப் போட, டிரெஸ்டென் 1 மட்டும் அக்டோபர் 2-ல் போட்டது.

லீபஜார்_கணக்கு:

தொகுதிப் பெயரில் உள்ள "ஃபோர்பொம்மெர்ன்" எழுத்துக்கூட்டல் சரி, "வோர்பொம்மெர்ன்" ஆக்கிவிடாதீங்க. ஜெர்மனில் இந்தச் சொல்லின் முதல் எழுத்தான V-க்கு ஃப ஒலிதான். ஃபோர் என்றால் முன், அதாவது முன்-பொம்மெர்ன். ஓடர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பின்-பொம்மெர்ன் இப்போது போலந்தில். கடைசியில் வரும் 1 தொகுதியின் வரிசை எண் இல்லை, அந்த மாவட்டத்தை இரண்டு தொகுதிக்குப் பிரித்ததில் முதல் துண்டு. 2-ஆம் துண்டு 16-ஆம் தொகுதியில் இருக்கிறது. கட்டுரையில் ஜெர்மனில் இருப்பது போல ரோமன் எண்ணாகவே (I) விட்டால் 15-ஓடு குழப்பிக்கொள்ளமாட்டார்கள்.